'தில்லானா மோகனாம்பாள்' பைண்டிங் வாங்குகிறீர்களா? நடுப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

பத்திரிகையிலிருந்து கிழித்துத் தைத்த பழைய தொடர்கதை பைண்டிங்கும் சினிமா கதை வசனப் புத்தகமும் தேடி அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்குப் போனது 9,800 ரூபாய். பணம் போனதைவிட, இருபது வருஷமாகப் பழைய புத்தகம் வாங்குகிற நானே இப்படி விழுந்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

போன ஆடி மாதம், பழைய புத்தகங்கள் விற்கிற ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நான்கு படங்கள் போட்டிருந்தார். காலிகோ துணி போட்ட முதுகு, உள்ளே மஞ்சளேறிய தாள், 'கலைமணி' என்ற பெயர், கோபுலுவின் கோட்டோவியம். கீழே ஒரு வரி: "தில்லானா மோகனாம்பாள், விகடன் ஒரிஜினல் பைண்டிங், முழுசு, 8,300." எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஏன் நடுங்கியது என்று இந்தப் பைத்தியம் இல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1968-ல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படம் எல்லோருக்கும் தெரியும். சிவாஜியின் நாயனமும் பத்மினியின் ஆட்டமும் நாகேஷின் வைத்தியும் இன்றும் டி.வி.யில் வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் அதற்குப் பல வருஷம் முன்பே, ஐம்பதுகளில், கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் அதை ஆனந்த விகடனில் தொடராக எழுதிவிட்டார். வாரா வாரம் கோபுலு படம் போட்டார். சண்முகசுந்தரமும் மோகனாவும் வைத்தியும் திரைக்கு வருமுன்பே வாசகர்களுக்கு முகம் தெரிந்தவர்கள். அந்தக் காலத்து வீடுகளில் தொடர் முடிந்ததும் பக்கங்களைக் கிழித்து அடுக்கி, பைண்டரிடம் கொடுத்துத் தைத்து வைப்பார்கள். கதை மட்டும் வேண்டுமென்றால் இன்றைக்கும் கடையில் புத்தகம் கிடைக்கிறது. பைண்டிங்கில் கிடைப்பது அந்த ஓவியங்கள், பக்கத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட பாதி ஜோக், தலைவலித் தைல விளம்பரம், பென்சிலில் யாரோ ஒரு பாட்டி எழுதிய வீட்டுக் கணக்கு. அதற்குத்தான் விலை.

போனில் பேசினேன். நல்ல மரியாதையான குரல். "தாத்தா மூர் மார்க்கெட்ல வாங்கினது சார், அது எரியறதுக்கு முன்னாடியே வீட்டுக்கு வந்துருச்சு" என்றார். 1985-ல் எரிந்துபோன, சென்னையில் பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட்டின் பெயரைச் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு நெஞ்சு இளகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பேச்சோடு பேச்சாக, "பராசக்தி கதை வசனம் ஒண்ணு இருக்கு சார், 52-ல வந்த முதல் பதிப்பு, சேர்த்து எடுத்தா 1,500-க்குத் தர்றேன்" என்றார். நேரில் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு ஊரில் இல்லை என்றார். பார்சல் வந்ததும் பணம் தருகிறேன் என்றதற்கு, "இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டிருக்காங்க சார்." இந்த வாக்கியத்தை நான் ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஜிபேயில் முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டேன்.

ஆறாம் நாள் பார்சல் வந்தது. பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

முதல் ஐந்து அத்தியாயங்கள் அசல். சந்தேகமே இல்லை. தாளின் ஓரம் பழுப்பாகி உள்ளே போகப் போக வெளுத்திருந்தது. ஈய எழுத்து அழுத்திய தடம் தாளின் பின்பக்கம் விரலுக்குத் தட்டுப்பட்டது. ஆறாவது அத்தியாயத்தில் தாளின் சத்தமே மாறியது. பழைய நியூஸ்பிரிண்ட் திருப்பும்போது லேசாக முனகும்; இது மொடமொடவென்றது. ஓரம் முதல் நடுவரை ஒரே பழுப்பு, மோந்து பார்த்தால் டீக்கடை வாசனை. எழுத்து பளபளத்தது, நகத்தால் சுரண்டினால் கறுப்புப் பொடி உதிர்ந்தது. ஏதோ ஒரு மறுபதிப்புப் புத்தகத்தைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து, நடுவில் வைத்துத் தைத்திருக்கிறார்கள். கடைசி மூன்று அத்தியாயங்கள் மறுபடியும் அசல். பொட்டலத்தின் மேலும் கீழும் நல்ல வெண்டைக்காயை வைத்து நடுவில் முற்றலைத் திணிக்கிற வித்தைதான்.

நடுப் பக்கங்களில் ஓவியம் இல்லாமல் இருந்தால் உடனே தெரிந்துவிடும் அல்லவா? அதற்கும் வழி பண்ணியிருக்கிறார்கள். வைத்தியின் ஒரே படம் மூன்று வெவ்வேறு அத்தியாயங்களில், ஒரே முகபாவத்தோடு இளிக்கிறது. கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது அங்கேதான். ஊரை ஏமாற்றவே பிறந்த சவடால் வைத்தியை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கிறார்கள்.

பக்க எண்ணைப் பார்த்திருந்தாலே போதும். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்த தொடரில் எண்கள் ஒழுங்காக ஓடாது. இந்த வாரம் 17-லிருந்து 22, அடுத்த வாரம் 41-லிருந்து 46 என்று தாவும். எனக்கு வந்ததில் நடுவில் எல்லாம் சாதுவாக வரிசையாகப் போகிறது. பின்பக்கத்தில் ஒரு விளம்பரம்கூட இல்லை.

எழுத்தும் காட்டிக்கொடுத்தது. இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற எழுத்துகளை இன்றைக்கு நாம் எழுதுகிற வடிவத்துக்குத் தமிழக அரசு மாற்றியது 1978-ல். அதற்கு முன்பு பொதுவாக அச்சில் 'லை' தும்பிக்கையோடு இருக்கும். 'னா' துணைக்கால் இல்லாமல் ஒரே சுழியாக வளைந்திருக்கும். தலைப்பையே பாருங்கள்: தில்லானா, மோகனாம்பாள். இரண்டு சொல்லிலும் 'னா' இருக்கிறது. அசல் பக்கங்களில் சுழித்த 'னா', ஆறாம் அத்தியாயத்திலிருந்து கால் போட்ட 'னா'. ஐம்பதுகளில் கதாநாயகி தன் பெயரை அப்படி எழுதியிருக்க மாட்டாள். ஒரு எச்சரிக்கை: பழைய எழுத்து இருப்பதாலேயே அது பழைய புத்தகம் என்று முடிவு கட்டாதீர்கள். ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் வார்ப்பு எழுத்தை மாற்றிவிடவில்லை.

'பராசக்தி' விஷயத்தில் இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. பெரியார் 1935-லிருந்தே சீர்திருத்த எழுத்தில் அச்சிட்டு வந்தவர்; திராவிட இயக்கத்தைச் சுற்றி வந்த வெளியீடுகளில் புது எழுத்து முன்பே இருக்கலாம். அந்தப் புத்தகம் வேறு வழியில் மாட்டியது. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்திலிருந்து கலைஞர் வசனத்தில் 1952 தீபாவளிக்கு வந்த படம் அது. நீதிமன்றக் காட்சியை மனப்பாடம் செய்து மேடையில் ஒப்பிக்க இந்த மாதிரிச் சிறு புத்தகங்கள்தான் கைகொடுத்தன. அதனால் பலமுறை அச்சானவை இவை, முதல் அச்சு கிடைப்பது அபூர்வம். எனக்கு வந்ததில் 'முதற் பதிப்பு 1952' என்று அச்சாகியிருந்தது உண்மை. அதற்கு அடுத்த வரியைப் பிளேடால் சுரண்டியிருந்தார்கள். வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் தாள் மெலிந்து தெரிகிறது. கீழே விலை 1 ரூபாய் 50 காசு. இந்தியாவில் நூறு பைசாக் கணக்கு வந்ததே 1957 ஏப்ரலில்தான். 52-ல் அணாவில் அல்லவா இருக்க வேண்டும்? முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு வேறு. பின்கோடு வந்தது 1972-ல். அதற்கு முன்பு 'சென்னை-17' என்கிற மாதிரிதான் போடுவார்கள். முப்பது நாற்பது ரூபாய்க்கு மேல் பெறாத மறுபதிப்பு.

அவருக்குப் போன் செய்தேன். முதலில், "பழைய புக்குன்னா அப்படித்தான் சார், நடுவுல கொஞ்சம் ரிப்பேர் பண்ணியிருப்பாங்க." ரிப்பேரா, முக்கால்வாசியும் ஜெராக்ஸ் என்றேன். "நீங்க பைண்டிங்தானே கேட்டீங்க? பைண்டிங் ஒரிஜினல் சார்." அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலிகோ என்னவோ நல்ல காலிகோதான். திருப்பி அனுப்புகிறேன் என்றதும் அழைப்பு துண்டானது. சாயங்காலத்துக்குள் என்னை பிளாக் செய்துவிட்டார். குழு அட்மினிடம் சொன்னேன்; "இரண்டு பக்கமும் விசாரிக்கணும்" என்று சொல்லி என் பதிவை நீக்கினார். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்திருக்கிறேன். பணம் அனுப்பிய அன்றே கூப்பிட்டால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம், நான் கூப்பிட்டதோ எட்டாம் நாள். இதுவரை பணம் வரவில்லை.

திருவல்லிக்கேணி பிளாட்பாரத்தில் வாங்கியபோதும் ஏமாந்திருக்கிறேன். ஆனால் அங்கே குந்தி உட்கார்ந்து நடுப்பக்கத்தைப் புரட்ட யாரும் தடை சொன்னதில்லை. படத்தைப் பார்த்து வாங்குவதானால் முதல் பக்கம், கடைசிப் பக்கம் போதாது. நீங்களே ஒரு அத்தியாய எண்ணைச் சொல்லி, அந்தப் பக்கத்தின் முன்னும் பின்னும் வீடியோ கேளுங்கள். விற்கிறவர் தேர்ந்தெடுத்த பக்கத்துக்கு மதிப்பு கிடையாது.

இதை இன்று எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று வேறொரு குழுவில், வேறு பெயரில், எனக்கு விற்றவரின் படங்களில் இருந்த அதே தரை ஓட்டின் மேல் வைத்து எடுத்த படம். கல்கியின் 'தியாகபூமி', 1939 விகடன் பைண்டிங், 15,000 ரூபாய். அந்தத் தொடரின் விசேஷம் தெரிந்தவர்களுக்கு இது பெரிய தூண்டில். கே. சுப்ரமணியம் படம் எடுத்துக்கொண்டிருந்தபோதே கதை விகடனில் வந்தது. ஓவியத்துக்குப் பதிலாகப் படத்தின் காட்சிகளையே புகைப்படங்களாகப் போட்டார்கள். முழுசாகக் கிடைத்தால் நானே கடன் வாங்கி வாங்குவேன். என் மைத்துனர் எண்ணிலிருந்து கேட்கச் சொன்னேன்: "நடுவுல ஏதாவது நாலு பக்கம் திருப்பி ஒரு வீடியோ அனுப்புங்க சார்."

நேற்று இரவு 9.40-க்கு நீல டிக் விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை. படம் மட்டும் அந்தக் குழுவில் அப்படியே இருக்கிறது.