"டர்போ போயிடுச்சு சார்": 48,000 ரூபாய்க்குப் பிறகும் திரும்பாத இழுவை

டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) உள்ள டீசல் கார் வைத்திருக்கும் கடலூர், புதுச்சேரி வாசகர்கள், இழுவை குறைந்தது என்று வண்டியை எங்காவது விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

மரக்காணம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பேருந்தை முந்த முயன்றபோது, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தும் வண்டி எழவில்லை; 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் வழக்கமாகக் கிடைக்கும் உந்துதல் அறவே இல்லாமல் கரும்புகை மட்டும் வந்தது, எஞ்சின் விளக்கும் எரிந்தது. பலர் பரிந்துரைத்த புதுச்சேரி ஒர்க்‌ஷாப் ஒன்றில் வண்டியை விட்டேன். ஸ்கேனரில் பி0299 என்ற குறியீடு வந்ததும், "டர்போ போயிடுச்சு சார், மாத்தித்தான் ஆகணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

எஞ்சின் கணினி கேட்ட காற்றழுத்தம் கிடைக்கவில்லை என்பதற்கு மேல் அந்தக் குறியீடு எதையும் சொல்வதில்லை. இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் பகுதி) ஹோஸ் கிழிந்திருந்தாலும், கிளாம்ப் தளர்ந்திருந்தாலும், டர்போவைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வாக்குவம் குழாய் வெடித்திருந்தாலும், அந்த வாக்குவத்தை ஒழுங்குபடுத்தும் பூஸ்ட் சோலனாய்டு பழுதானாலும், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் அதே குறியீடு வரக்கூடும். இவற்றில் எதையும் அவர்கள் சோதிக்கவில்லை. ஆதாரம் கேட்டபோது, ஒரு குழாயைக் கழற்றி உள்ளே படிந்திருந்த எண்ணெயைக் காட்டினார்கள். எஞ்சின் பிரீதர் வழியாக வரும் எண்ணெய் ஆவி அங்கே மெல்லிய படலமாகப் படிவது இயல்புதான். எண்ணெய் தேங்கி நின்று, சைலன்சரில் நீலப்புகையும் வந்தால் சந்தேகப்படலாம். டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பார்ப்பது அதைவிட நல்ல சோதனை. பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, இறக்கைகள் கூட்டில் உரசிய தடம் இருந்தாலோதான் டர்போ தேய்ந்துவிட்டது என்று பொருள். அசைத்துக் காட்டுங்கள் என்று கேட்கப் போனால், என் சம்மதத்துக்குக் காத்திராமல் டர்போவை ஏற்கெனவே கழற்றி வெளியே அனுப்பியிருந்தார்கள்.

48,000 ரூபாய் கட்டிய பிறகே வண்டி கைக்கு வந்தது. கன்னியக்கோயிலைத் தாண்டுவதற்குள் அதே மந்தம், அதே கரும்புகை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் தனியாக வேலை செய்யும் ஒரு மெக்கானிக், எதையும் கழற்றாமல் தொடங்கினார். எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, அழுத்த சென்சார் சுமார் 100 கிலோ பாஸ்கல் காட்டுகிறதா என்று பார்த்தார். கடல் மட்டத்தில் இருக்கும் நம் ஊரில் அது அப்படித்தான் காட்ட வேண்டும், காட்டியது. அடுத்து வண்டியை ஓட்டி, கணினி கேட்கும் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் ஸ்கேனரில் அருகருகே வைத்துப் பார்த்தார். மிதிக்க மிதிக்க இடைவெளி விரிந்தது. பிறகு காற்றுப் பாதையின் வாயை அடைத்து, குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றி, ஹோஸ்கள் மீது சோப்புத் தண்ணீர் தெளித்தார். இன்டர்கூலரின் கீழ்ப்பக்க ஹோஸில், மேலிருந்து பார்த்தால் தெரியாத அடிப்புறத்தில், நுரை கொப்பளித்தது. சும்மா நிற்கும்போது மூடிக்கொண்டு, அழுத்தம் ஏறினால் மட்டும் வாய் திறக்கும் கிழிசல் அது. ஹோஸை மாற்றியதும் இழுவை முழுதாகத் திரும்பியது. செலவு, முந்தைய பில்லில் கூலியாகப் போட்ட தொகைகூட இல்லை.

அவரே இன்னொன்றையும் காட்டினார். 'புதியது' என்று மாட்டப்பட்ட டர்போவில், பார்ட் எண்ணும் சீரியல் எண்ணும் பொறித்த தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ரிவெட் துளைகள்தான் இருந்தன. பில்லிலும் எண் எதுவும் இல்லை, 'டர்போ வேலை' என்று மட்டுமே எழுதியிருக்கிறது. ஆகவே டர்போ மாற்ற ஒப்புக்கொள்பவர்கள், அந்த எண்களைப் பில்லில் எழுதி வாங்குவதோடு, கழற்றிய பழையதையும் கையோடு கேட்டு வாங்க வேண்டும்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம் என்பதால், ஒர்க்‌ஷாப் புதுச்சேரியில் இருந்தாலும் நான் கடலூரிலேயே மனு கொடுக்கப் போகிறேன். அதற்கு முன் அனுப்பிய நோட்டீஸுக்கு வந்த பதிலில், பழைய டர்போ ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாக எழுதியிருக்கிறார்கள். தகடு எங்கே என்ற கேள்விக்குப் பதில் இல்லை.