டெகத்லானுக்கு வாரத்துல நாலு சாயங்காலம் தான் இருக்குன்னா எப்படிப் பிரிக்கிறது? நாலு முறையை வெச்சு ஒரு அலசல்

வேலை முடிச்சுட்டு கிரவுண்டுக்கு வர்ற ஆளுக்கு வாரத்துல நாலு நாள் கிடைக்கும், நாளுக்கு ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல உடம்பும் விடாது வீடும் விடாது. டெகத்லான்ங்கிறது ரெண்டு நாள்ல ஓட்டம், தாண்டுறது, எறிதல்னு பத்து ஈவென்ட்டையும் ஒரே ஆளு பண்ற தடகளப் போட்டி. எட்டு மணி நேரத்தைப் பத்தால வகுத்தா ஒண்ணுக்கு 48 நிமிஷம் வரும், அதுல வார்ம்-அப், ஸ்பைக்ஸ் மாட்டுறது, ரன்-அப் அளந்து மார்க் வைக்கிறது, பார் ஏத்தி இறக்குறது எல்லாம் போக அரை மணி நேரம் மிஞ்சினா பெருசு. அதனால "எவ்ளோ நேரம் பண்றது"ங்கிற கேள்விய விட "எதை எதோட சேர்த்துப் பண்றது"ங்கிறது தான் எனக்கு முக்கியமாப் படுது. மூணு சீசன்ல நாலு விதமாப் பண்ணிப் பாத்திருக்கேன், அதை வெச்சு சொல்றேன்.

அளக்க ஒரு தராசு வேணும்ல, அது பாயிண்ட் டேபிள் தான், ஒவ்வொரு ஈவென்ட் ரிசல்ட்டையும் பாயிண்டா மாத்திக் கூட்டுறது. 1985-ல இருந்து இதே ஃபார்முலா தான் நடைமுறையில இருக்கு. என் முதல் சீசன் ரிசல்ட் இது: 100 மீட்டர் 12.0 (651 பாயிண்ட்), லாங் ஜம்ப் 5.50 (481), ஷாட் புட் 9 மீட்டர் (426), ஹை ஜம்ப் 1.60 (464), 400 மீட்டர் 56.0 (559), அடுத்த நாள் 110 ஹர்டில்ஸ் 18.0 (524), டிஸ்கஸ் 25 மீட்டர் (367), போல் வால்ட் (கம்பு ஊணித் தாண்டுறது) பூஜ்யம், ஜாவலின் 35 மீட்டர் (370), 1500 மீட்டர் 5:20 (450). மொத்தம் 4292. இனிமே சொல்ற எல்லாத்தையும் இந்த நம்பரோட வெச்சுப் பாருங்க.

முதல்ல எல்லாரும் ஆரம்பிக்கிற முறை, ஒரு நாளுக்கு ஒரு ஈவென்ட். இன்னிக்கு ஹர்டில்ஸ், அடுத்த செஷன் டிஸ்கஸ், அதுக்கடுத்து ஹை ஜம்ப்னு வரிசையா போறது. இதுல ஒரு நல்லது இருக்கு, மறுக்க மாட்டேன், புதுசா ஒரு ஈவென்ட் கத்துக்கும்போது ரெண்டு மணி நேரமும் அதுக்கே கிடைச்சா காலு எங்க வைக்கணும்னு மண்டையில உக்காருது, டிஸ்கஸ் சுத்து எனக்கு அப்படித்தான் வந்துச்சு. ஆனா வாரத்துக்கு நாலு நாள்னா பத்து ஈவென்ட்டையும் ஒரு சுத்து சுத்தி வர ரெண்டரை வாரம் ஆகுது, அதாவது ஒரு ஹர்டில்ஸ் செஷனுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பதினேழு பதினெட்டு நாள் இடைவெளி. ஹர்டில்ஸ்ல முதல் தடைக்கு 13.72 மீட்டர், அப்புறம் ஒவ்வொரு தடைக்கு நடுவுலயும் 9.14 மீட்டர், அதை மூணே ஸ்டெப்ல ஓடியாகணும், 106.7 சென்டிமீட்டர் உயரத்தைத் தாண்டி இறங்கின உடனே. அந்த ரிதம் பதினேழு நாள் தொடலைன்னா போய்டுது, திரும்பி வர்றப்போ பாதி செஷன் பழைய இடத்துக்கு வர்றதுலயே கழிஞ்சுடும். ஒவ்வொரு தடவையும் முதல் படியிலேயே நிக்கிற மாதிரி இருந்துச்சு. அந்த வருஷம் முழுக்க இப்படித்தான் போச்சு, 4292 அதோட பலன்.

ரெண்டாவது, பிளாக் முறை. நாலு வாரம் எறிதல் மட்டும், அப்புறம் நாலு வாரம் ஜம்ப் மட்டும், இப்படி. இதை நீட்டி முழக்க வேண்டியதில்ல, கணக்கே சொல்லிடும். நாலு வார எறிதல் பிளாக் முடிஞ்சப்போ ட்ரையல்ல ஷாட் புட் 10 மீட்டர் போச்சு, டிஸ்கஸ் 28 போச்சு, ரெண்டும் சேர்த்து 118 பாயிண்ட் லாபம், எனக்கு அவ்ளோ சந்தோஷம். அதே வாரம் ஹர்டில்ஸ் ஓடிப் பாத்தேன், 19 விநாடி, கடைசி மூணு தடைக்கு நடுவுல அஞ்சு ஸ்டெப் போட்டேன். 524 இருந்தது 432 ஆச்சு, 92 போச்சு. ஒரு மாச உழைப்புக்கு நிகர லாபம் 26 பாயிண்ட். முழு நேர வீரருக்கு காலையில ஒரு செஷன் சாயங்காலம் ஒரு செஷன்னு இருக்கும், பிளாக் நடக்கும்போதே மத்த ஈவென்ட்டையும் தொட்டுக்கிட்டே இருப்பாரு. நமக்கு அந்த வசதி இல்ல, அதனால சீசன் முடிஞ்ச பிறகு வர்ற ஓய்வு மாசங்களுக்கு வேணா இது சரி.

மூணாவது முறை தான் எனக்குப் பிடிச்சது, உறவு பாத்து ஜோடி சேர்க்குறது. பத்து ஈவென்ட்னு சொல்றோமே தவிர உடம்புக்கு அது பத்து இல்ல. 100 மீட்டர் ஸ்டார்ட், ஹர்டில்ஸ் முதல் தடை வரைக்கும் போற ஓட்டம், லாங் ஜம்ப் ரன்-அப், போல் வால்ட் ரன்-அப், இதெல்லாம் ஒரே வேலை, முழு வேகத்துல போய் குறிப்பிட்ட இடத்துல காலை வைக்கிறது. ஷாட், டிஸ்கஸ், ஜாவலின் மூணும் வலது கையால எறியிற ஆளுக்கு கடைசி நொடியில இடது காலை ஊணி நிறுத்துறது தான், அந்த நிறுத்தம் இல்லன்னா எவ்ளோ பலம் இருந்தாலும் குண்டு முன்னால விழுந்துடும். ஒரு செஷன்ல ஸ்டார்ட்டிங் பிளாக்ல இருந்து ரெண்டு ஹர்டில், அப்புறம் அதே வேகத்தோட லாங் ஜம்ப் ரன்-அப் ஆறு தடவை, அதுல நாலு தான் உண்மையா தாண்டுறது. இப்படிப் பண்ணா ஒரே சாயங்காலத்துல மூணு ஈவென்ட்டுக்கு வேலை நடக்குது, வார்ம்-அப் ஒண்ணு தான், ஒரே கல்லுல மூணு மாங்கா.

இதுக்குப் பின்னால டேபிளோட சங்கதி ஒண்ணு இருக்கு, அதை நிறைய பேரு கவனிக்கிறதில்ல. ஓட்டத்துக்கான ஃபார்முலால அடுக்கு (பவர்) 1.81-ல இருந்து 1.92 வரைக்கும் இருக்கு, எறிதலுக்கு 1.05-ல இருந்து 1.10 தான். அதாவது குண்டு எறியிறதுல எந்த மட்டத்துல இருந்தாலும் ஒரு மீட்டர் கூடினா கிட்டத்தட்ட அதே 60 பாயிண்ட் தான், ஆனா ஓட்டத்துல வேகம் கூடக் கூட அடுத்த ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடிக்கும் விலை ஏறிக்கிட்டே போகும். அது மட்டும் இல்ல, 100 மீட்டர் 12.0-ல இருந்து 11.8 வந்தா டேபிள்ல 40 பாயிண்ட் தான் தெரியும், ஆனா அந்த வேகம் லாங் ஜம்ப்ல 5.80 ஆகி இன்னொரு 63 கொண்டு வரும், ஹர்டில்ஸ்ல ஒரு விநாடி கொறஞ்சு 100 கொண்டு வரும். வேகத்துக்குப் போட்ட நேரம் எங்கயும் வீணாப் போறதில்ல. 2015 பெய்ஜிங் உலக சாம்பியன்ஷிப்ல 9045 எடுத்த அமெரிக்க வீரர் ஆஷ்டன் ஈட்டனைப் பாருங்க, அந்த டெகத்லான்ல 400 மீட்டரை 45.00-ல ஓடினாரு, அவரோட பலம் முழுக்க ஓட்டத்துலயும் தாண்டுறதுலயும் தான் இருந்துச்சு.

ஆனா ஜோடி முறையில ஒரு ஆபத்து, இதை அழுத்தி சொல்றேன். வலது கை ஆளுக்கு போல் வால்ட்ல டேக்-ஆஃப் இடது கால். லாங் ஜம்ப், ஹை ஜம்ப் பெரும்பாலும் அதே இடது கால். எறிதல்ல ஊணுறதும் இடது கால். அப்போ எல்லாப் பாரமும் ஒரே முட்டிக்குப் போகுது. நான் ஹை ஜம்ப்பையும் ஜாவலினையும் அடுத்தடுத்த நாள் வெச்சுட்டு முட்டிச் சில்லுக்குக் கீழ வலி வந்து ஆறு வாரம் தாண்டவே முடியாம கெடந்தேன். இப்போ இந்த ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு நாளாவது விடுறேன், ஹை ஜம்ப் ஒரு செஷனுக்கு பன்னெண்டு தாண்டுக்கு மேல போறதில்ல. ஜாவலினும் முழு வேகத்துல வாரத்துக்கு ஒரு தடவை தான், முழங்கை தாங்காது.

நாலாவது, போட்டி வரிசையிலயே பிராக்டிஸ் பண்றது. முதல் நாள் 100, லாங் ஜம்ப், ஷாட், ஹை ஜம்ப், 400, ரெண்டாவது நாள் ஹர்டில்ஸ், டிஸ்கஸ், போல் வால்ட், ஜாவலின், 1500. இதுல அடுத்தடுத்து வர்றதை ஒரே செஷன்ல சேர்த்துப் பண்ணுவாங்க. வருஷம் பூரா இதைப் பண்ணா கத்துக்கிறது மெதுவாகுது, ஏன்னா ஷாட்டும் ஹை ஜம்ப்பும் ஒண்ணுக்கொண்ணு சொல்லிக் கொடுக்க எதுவும் இல்ல. ஆனா போட்டிக்கு ஆறு வாரம் முன்னால இது இல்லாம இருக்கவே கூடாதுன்னு நினைக்கிறேன். 100 ஓடிட்டு வந்து லாங் ஜம்ப் ரன்-அப் ஓடிப் பாருங்க, கால் சூடா இருக்கும், உடம்பு படபடன்னு இருக்கும், மார்க் தாண்டி கால் பலகைக்கு வெளிய போகும். மூணே சான்ஸ், மூணும் ஃபவுல் ஆனா பூஜ்யம். டெகத்லான் வீரர் கெவின் மேயருக்கே அது நடந்திருக்கு, 2018 ஆகஸ்ட்ல பெர்லின் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல லாங் ஜம்ப் மூணும் ஃபவுல், அதோட போட்டியை விட்டு வெளிய வந்துட்டாரு, அடுத்த மாசமே பிரான்ஸ்ல இருக்குற தலான்ஸ்ல 9126 எடுத்து உலக சாதனை. ஒரே சீசன், ஒரே ஆளு. ஹர்டில்ஸ் முடிச்ச கையோட டிஸ்கஸ் வட்டத்துக்குள்ள நிக்கிறதும் அப்படித்தான், வேகமா ஓடின உடம்பை நிதானமா சுத்த வைக்கணும். ரெண்டு ஈவென்ட்டுக்கு நடுவுல குறைஞ்சது அரை மணி நேரம் கொடுப்பாங்க, அந்த அரை மணியில உடம்பை இறக்கித் திரும்ப ஏத்துறதும் பழக வேண்டிய விஷயம் தான்.

இந்த நாலுலயும் அடங்காத ரெண்டு ஈவென்ட் இருக்கு.

ஒண்ணு போல் வால்ட். முதல் சீசன்ல நான் அதைத் தொடவே இல்ல, பயம் தான். பார் தாண்டலைன்னா பூஜ்யம் வாங்கிட்டு மத்ததைத் தொடரலாம், ஆனா ஈவென்ட்டுக்கே வரலைன்னா மொத்த ரேங்க்ல இருந்தே தூக்கிடுவாங்க, அதனால போய் நின்னு மூணு தடவை ஓடிட்டு வந்தேன். அப்புறம் தான் டேபிளைப் பாத்தேன், வெறும் 2.40 தாண்டினா 220 பாயிண்ட். 100 மீட்டர்ல 12.0-ல இருந்து 11.0-க்கு வந்தா கூட 210 தான் கிடைக்கும், ஒரு விநாடி கொறைக்க எத்தனை வருஷம் ஆகும்னு ஓடுறவங்களுக்குத் தெரியும். 2.40 எனக்கு அஞ்சு மாசத்துல வந்துச்சு, சின்ன ரன்-அப், கம்பைக் கொஞ்சம் கீழ பிடிக்கிறது. ஆனா இது தனியா வீடியோ பாத்து கத்துக்கிற விஷயம் இல்ல, தெரிஞ்ச கோச் பக்கத்துல நிக்கணும், பிட் (விழுற மெத்தை) நல்லா இருக்கணும், உங்க எடைக்குக் கீழ குறிச்சிருக்கிற போலை எடுக்கவே கூடாது.

இன்னொண்ணு 1500. கடைசி ஈவென்ட், எல்லாரும் சாகுற நிலையில இருப்போம், அதனாலயே பிராக்டிஸ்ல தள்ளிப் போட்டுக்கிட்டே இருப்போம். 5:20-ல இருந்து 5:00 வந்தா 110 பாயிண்ட். டெக்னிக் வேணாம், பிட் வேணாம், வாரத்துக்கு ஒரு தடவை செஷன் கடைசியில 300 மீட்டர் ஆறு தடவை ஓடினா போதும், அதே ஓட்டம் 400-க்கும் உதவும். தெனம் நீண்ட ஓட்டம் மட்டும் வேணாம், கால்ல இருக்குற வேகம் மழுங்கிடும்.

ஹெப்டத்லான் பண்ற பெண்களுக்கு இந்த ஒப்பீடு கொஞ்சம் மாறும். ஈவென்ட் ஏழு, டிஸ்கஸும் வால்ட்டும் இல்ல, நாலு நாள் வெச்சா ஒரு சுத்து ரெண்டு வாரத்துக்குள்ள முடிஞ்சுடும், அதனால ஒரு நாள் ஒரு ஈவென்ட் முறை அவ்ளோ அடி வாங்காது. இருந்தாலும் 100 ஹர்டில்ஸ், 200, லாங் ஜம்ப் மூணும் ஒரே குடும்பம், அந்த ஜோடியை விட்டுடாதீங்க. ஜாக்கி ஜாய்னர்-கெர்சி 1988 சியோல்ல 7291 எடுத்த அதே ஒலிம்பிக்ஸ்ல லாங் ஜம்ப்லயும் தனியா தங்கம் வாங்கினாங்க.

என் இப்போதைய பிளான் மூணாவதும் நாலாவதும் கலந்தது. முதல் நாள் ஸ்டார்ட், ஹர்டில்ஸ், லாங் ஜம்ப். ரெண்டாவது நாள் எறிதல் மூணும், ஜாவலின் முதல்ல. ஒரு நாள் ஓய்வு விட்டு மூணாவது நாள் வால்ட். நாலாவது நாள் ஹை ஜம்ப், கடைசியில 300 மீட்டர் ஓட்டம். போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது முதல் நாளை மட்டும் போட்டி வரிசைக்கு மாத்திடுவேன், ஒரு வாரம் 100-ம் லாங் ஜம்ப்பும், அடுத்த வாரம் ஹர்டில்ஸும் டிஸ்கஸும். மூணாவது சீசன் இதுல தான் போச்சு, 11.8, 5.80, ஹர்டில்ஸ் 17.0, வால்ட் 2.40, 1500 சரியா அஞ்சு நிமிஷம், மொத்தம் 4800-ஐத் தாண்டுச்சு.

எறிதல் மூணும் ஹை ஜம்ப்பும் கிட்டத்தட்ட பழைய இடத்துலயே நிக்குது. எறிதல் நாள்ல மூணையும் அடைச்சதால எதுவும் முழுசா நடக்கல, அதனால இந்த சீசன் டிஸ்கஸை முதல் நாளுக்கு மாத்தி ஹர்டில்ஸுக்கு அப்புறம் பத்து எறி மட்டும் வெச்சிருக்கேன், ரெண்டாவது நாள் ஷாட்டுக்கும் ஜாவலினுக்கும் மட்டும். ஜாவலின் 35-ல இருந்து 40 போனா 72 பாயிண்ட், முட்டி ஒத்துழைச்சா அதைத் தான் முதல்ல எடுக்கணும்.