நீலத்துக்கு அடியில் சிவப்பு: பழைய மெக்கானோ பெட்டியில் 640 பவுண்டு போனது

மூன்று நாட்களுக்கு முன் வந்த மெக்கானோ பெட்டி (துளையிட்ட உலோகத் துண்டுகளைத் திருகாணியால் பூட்டி மாதிரிகள் செய்யும் விளையாட்டுப் பொருள்) இன்னும் மேசைமேல் திறந்தே கிடக்கிறது. அதற்கு நான் கொடுத்த விலை 640 பவுண்டு. பழம்பொருள்களைத் தனியாட்கள் ஏலத்துக்கு விடும் ஓர் இணையதளத்தில்தான் அதைப் பிடித்தேன். தளத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை.

விற்றவர் அதை 1930களின் எட்டாம் எண் மெக்கானோ செட் என்று குறிப்பிட்டிருந்தார். லிவர்பூலின் பின்ஸ் ரோடு தொழிற்சாலையிலிருந்து 1934 முதல் வந்த நீலமும் தங்கமும் கலந்த நிறம் சேகரிப்பவர்களுக்கு எவ்வளவு பிடித்தமானது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிவப்பும் பச்சையும் வந்துவிட்டதால், நீலத் தகடுகளில் தங்கக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்தப் பழைய பெட்டிகளுக்குத் தனி விலை உண்டு.

சந்தேகம் எனக்கும் வந்தது. கூடுதல் படங்கள் கேட்டேன். பட்டைகளும் தகடுகளும் அட்டையோடு சேர்த்து நூலால் கட்டப்பட்டிருக்கும் படம் ஒன்றை அனுப்பி, தம் தந்தை சிறுவயதில் ஒரே ஒருமுறை பிரித்துவிட்டு எடுத்துவைத்த பெட்டி இது என்று எழுதினார். தொழிற்சாலையில் கட்டியதுபோலவே இருந்த அந்த நூல்தான் என்னைக் கவிழ்த்தது. விளையாடாத பெட்டி என்று மனம் முடிவு கட்டிவிட்ட பிறகு, தளத்தின் கமிஷன் இருவருக்கும் மிச்சமாகுமே, நேராக வங்கிக்கு அனுப்பிவிடுங்கள் என்று அவர் சொன்னதும் நியாயமாகவே பட்டது. அன்றிரவே 640 பவுண்டையும் அனுப்பிவிட்டேன்.

மூடியைத் திறந்ததும் புதுப் பெயின்ட் வாடை அடித்தது. எண்பது தொண்ணூறு ஆண்டுப் பழைய இரும்பில் அந்த வாடைக்கு என்ன வேலை? துளைகளின் உள்விளிம்பில் பெயின்ட் திரண்டு நின்றது. ஒரு பட்டையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினால் தங்கத்துக்கு அடியில் பச்சை. தகட்டைச் சுரண்டினால் நீலத்துக்கு அடியில் சிவப்பு. 1945க்குப் பிந்தைய பாகங்களுக்குப் பெயின்ட் அடித்து, யாரோ பொறுமையாக உட்கார்ந்து நூலும் கட்டியிருக்கிறார்கள். திருகாணிகளிலும் பாதிக்கு மேல் இக்கால எம்4 வகை, அதாவது நான்கு மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. பழைய மெக்கானோ நட்டு 5/32 அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அளவுமுறை) மரை கொண்டது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஓரிரு சுற்று ஏறியதும் இறுகி நின்றுவிடும். பித்தளைப் பற்சக்கரங்கள் மட்டும் உண்மையானவை என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிடுகிறேன். அவற்றுக்காக யாரும் 640 பவுண்டு கொடுக்க மாட்டார்கள்.

விற்றவர் முதலில், பழைய பொருள் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். சுரண்டிய இடத்தின் படத்தை அனுப்பியதும், நீங்களே சுரண்டிக் கெடுத்த பொருளை எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்டுவிட்டு, அதோடு பதில் அனுப்புவதையே நிறுத்திக்கொண்டார். இணையதளத்தாரோ, பணம் தங்கள் வழியாக வரவில்லை, ஆகவே புகாருக்கு இடமில்லை என்று ஒரே வாசகத்தை மூன்று முறை அனுப்பினார்கள். வங்கியில் தொலைபேசியை எடுத்தவர், நீங்களே விரும்பி அனுப்பிய பணம்தானே என்று தொடங்கினார். முறையீட்டைப் பதிவு செய்ய வைப்பதற்கே நாற்பது நிமிடம் வாதாட வேண்டியிருந்தது.

எப்படிச் சோதித்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தளத்துக்கு வெளியே ஒரு காசும் அனுப்பாதீர்கள். துளைகளின் உள்விளிம்பை நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், தகட்டின் பின்பக்கத்தையும் கேளுங்கள். நூல் கட்டியிருப்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே ஆள், அதே மேசை விரிப்பு. இம்முறை ஆறாம் எண் பெட்டி, அதுவும் தந்தையுடையதாம். ஏலம் ஞாயிறன்று முடிகிறது.