ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு 85,000 ரூபா கொடுக்க முதல் இதை வாசியுங்கள்

கிளிநொச்சிப் பக்கம் வீட்டுக்குப் பாட்டுச் செற் வாங்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பீக்கர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல பெட்டிகள்தான். அவற்றுக்குக் கீழே வைக்கவென்று தலையில் கட்டிவிட்ட ஸ்டாண்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. சோடி 85,000 ரூபா. அதன் குழாய்களுக்குள் 'விசேட தாதுப்பொருள்' நிரப்பித் தர இன்னொரு 12,000.

கடையில் காட்டிய வித்தை இதுதான். முதலில் ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டிய, உயரம் குறைந்த கண்ணாடி அலுமாரியின் மேல் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். பேஸ் கும் கும் என்று மண்டையை இடித்தது, பாடகரின் குரல் எங்கோ கீழே கிடந்து முனகியது. பிறகு அதே பெட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றி, சுவரை விட்டுக் கடையின் நடுப்பக்கம் இழுத்து வந்து, என்னைக் கதிரையில் இருத்தினார்கள். குரல் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

"பாத்தீங்களே அண்ணை, ஸ்டாண்ட் செய்யிற வேலையை? அதிர்வை அப்படியே உறிஞ்சி நிலத்துக்க இறக்கிப் போடும்" என்றார் முதலாளி.

குரல் தெளிந்தது உண்மை, சொன்ன காரணம்தான் பொய். பெட்டியைச் சுவருக்குக் கிட்ட வைத்தால் பேஸ் பெருகும், மூலைக்குள் வைத்தால் இன்னும் பெருகும். உச்ச ஒலியைத் தருகிற ட்வீற்றர் டோர்ச் வெளிச்சம் மாதிரி நேரேதான் பாயும். அது காதின் உயரத்துக்கு வர வேண்டும். கதிரையில் இருக்கிற ஆளுக்கு அது நிலத்திலிருந்து ஏறக்குறைய 90 முதல் 100 சென்ரிமீற்றர். கண்ணாடித் தட்டில் பட்டுத் தெறித்து வந்து குழப்பிய ஒலியும் இடம் மாறியதும் நின்றுவிட்டது. மூன்று மாற்றத்தையும் ஒரே அடியில் செய்துவிட்டு, பெயரை முழுக்க இரும்புக் காலுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் அதே உயரத்துக்குச் சீமெந்துக் கல்லை ஆடாமல் அடுக்கி வைத்திருந்தாலும் குரல் அப்படித்தான் எழும்பியிருக்கும்.

சரி, விசுவமடுவில் எங்கள் வீட்டுக்குச் சாமான் வந்து சேர்ந்தது. ஒரு ஸ்டாண்ட் ஆடியது, அடித்தட்டு வளைவு. அடியில் பூட்டச் சொல்லித் தந்த கூர் ஆணிகள் முதல் நாளே ரைல்ஸில் கீறல் போட்டன. குழாயைத் தட்டிப் பார்த்தால் ஒன்று 'தொம்' என்றது, மற்றது கோயில் மணி தோற்றுப்போகும். மூடியைக் கழற்றினோம். மணியடித்ததற்குள் ஒன்றுமே இல்லை. மற்றதற்குள் மணல், அதுவும் சிப்பித் துண்டுகளோடு. முல்லைத்தீவுக் கடற்கரையில் எந்தப் பிள்ளையும் காலால் உதைத்து விளையாடுகிற அதே தாதுப்பொருள்! உப்பு மணல் என்பதால் குழாயின் உட்பக்கம் துருப்பிடிக்கவும் தொடங்கியிருந்தது. வெற்றுக் குழாய் கணீரென்று அதிரும், மணல் அதை அடக்கும் என்பது சரிதான். அதற்குக் கழுவிக் காயவைத்த ஆற்று மணல் போதும்.

கடைக்கு அழைத்தால், நிரப்பியது கொம்பனிக்காரர் என்றார்கள். அடுத்த முறை, விற்ற சாமான் திருப்பி எடுப்பதில்லை என்றார்கள். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

அந்த 'நிலத்துக்குள் இறக்கும்' கதைக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. குளிர்நாடுகளில் பல வீடுகளின் தளம் பலகை, அடியில் வெற்றிடம். ஸ்பீக்கர் அதிர்ந்தால் பலகையும் சேர்ந்து அதிரும், அங்கே காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது கணக்கில் வரும். எங்களுடையது இந்திய வீட்டுத்திட்ட வீடு, மண்ணுக்கு மேல் இறுக்கிப் போட்ட சீமெந்துத் தரை. அது எதற்கு அதிரப் போகிறது? என் ஸ்பீக்கர் மாதிரிச் சின்னப் பெட்டியில் முன்னும் பின்னும் ஓடுகிற கூம்பு பத்துக் கிராம் அளவுதான், பெட்டியோ ஏழு கிலோ. அது இதை எவ்வளவு அசைத்துவிடும்? ஸ்டாண்ட் ஆடாமல் நின்றால் அதன் வேலை பெரும்பாலும் முடிந்தது.

மச்சானின் மர வேலைத்தளத்தில் கழிவாகக் கிடந்த முதிரையில் அதே உயரத்துக்கு ஒரு சோடி செய்வித்தேன். அந்த ஆடின காலுக்கும் ஆப்பு வைத்து, இரண்டுக்கும் நல்ல மணல் நிரப்பி, இரண்டு சோடியையும் போட்டிக்கு விட்டோம். நிலத்தில் சோக்கட்டியால் குறித்த ஒரே இடம், வொலியூமில் கை வைப்பதில்லை, முன்னால் மெல்லிய சேலை ஒன்று திரையாக. கேட்க இருத்தியது பெரியப்பாவை. கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காது அது, இரைச்சலுக்குள்ளேயும் செய்தியைப் பிடித்துவிடும். எது முதிரை, எது இரும்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான். திரையை எடுத்ததும் பளபளக்கிற கறுப்பு இரும்புதான் 'கொஞ்சம் நல்லாக் கேக்குது' என்று அவரே சொன்னது வேறு விஷயம்.

அதில் அவரைச் சிரிக்க ஒன்றுமில்லை. கனடாவைச் சேர்ந்த ஒலி ஆய்வாளர்கள் ஃபுளோய்ட் டூலும் ஷோன் ஓலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்துக்கொண்டு கேட்டபோது ஆட்கள் ஸ்பீக்கர்களுக்குக் கொடுத்த மதிப்பெண், பார்க்காமல் கேட்டபோது மாறிப்போனது.

எங்கள் ஹோலில் உண்மையான வித்தியாசம் காட்டியவை வேறு. வெறும் ரைல்ஸும் பூச்சுச் சுவருமாகக் கிடந்த அறையில் தடித்த விரிப்பும் யன்னல் சீலையும் போட்டதும் எதிரொலி குறைந்து சொற்கள் தெளிந்தன. பெட்டிகளைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்தோம். பெட்டிக்கும் பலகைக்கும் இடையில் சைக்கிள் ரியூப் வெட்டி வைத்தோம், வழுக்காமல் இருக்க.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கடையில் அதே இடத்தில் அதே உயரமுள்ள சாதாரண ஸ்டூலில் ஸ்பீக்கரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடலாம். பில்லில் வாயால் சொன்னதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். என்னுடையதில் 'ஸ்டாண்ட் 1 சோடி' என்று மட்டும்தான் கிடக்கிறது, 12,000 ரூபாவின் நிரப்பலைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டை, சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நான் திறந்த குழாயின் படங்களையும் மணலில் ஒரு பொட்டலத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன், விசாரணைக்கு இன்னும் திகதி தரவில்லை.