ஏற்காட்டுப் பனியில் போர்ட்ரா: ஃபிலிம் ப்ரீசெட்டுகளோடு சில சீசன்கள்

சேலத்தில் கல்யாண ஆர்டருக்கும் ஏற்காடு அவுட்டோர் ஷூட்டுக்கும் லைட்ரூம் எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஃபிலிம் ப்ரீசெட்டுகளை (பழைய ஃபிலிம்களின் சாயலை ஒரே கிளிக்கில் தரும் செட்டிங்குகள்) போட்டுச் சில சீசன் ஓட்டியாகிவிட்டது. மொத்தமாக வாங்கிய தொகுப்பில் இன்றும் நான் தொடுவது போர்ட்ரா 400, வெல்வியா 50, ட்ரை-எக்ஸ் என்ற மூன்று ஃபிலிம்களின் சாயல் மட்டும்தான்.

அதிகம் பயன்படுவது போர்ட்ரா, அதிகம் படுத்துவதும் அதுதான். அசல் போர்ட்ரா நெகட்டிவ் ஃபிலிம். வெளிச்சம் கொஞ்சம் கூடினாலும் தாங்கும். அந்த வெளிறிய அழகே அப்படி எடுத்த படங்களிலிருந்து வந்ததுதான். டிஜிட்டலில் ஹைலைட் (படத்தின் மிக வெளிச்சமான பகுதி) ஒருமுறை வெள்ளையடித்துவிட்டால் எந்த ப்ரீசெட்டும் மீட்டுத் தராது. பகோடா பாயிண்டில் பனி இறங்கும்போது பின்னணி முழுக்க வெள்ளைதான். அதனால் ரா ஃபைலில் (கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருப்பது), எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்தே எடுக்கிறேன். ஒயிட் பேலன்ஸை (வெளிச்சத்தால் வரும் நிறச் சாய்வைச் சமன்செய்யும் செட்டிங்) சரிசெய்த பிறகுதான் ப்ரீசெட். சில ப்ரீசெட்டுகள் ஒயிட் பேலன்ஸையும் சேர்த்து மாற்றிவிடும். அந்த டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நிறம். என்னுடைய தொகுப்பில் ஆரஞ்சு லூமினன்ஸை (தோல் நிறம் விழும் ஆரஞ்சின் பிரகாசம்) ஏற்றி வைத்திருக்கிறார்கள். வெள்ளைத் தோலுக்கு அது பொலிவு, நம் மாநிறத்துக்குச் சாம்பல் பூச்சு. முதலில் அதைச் சுழியத்துக்குக் கொண்டுவருவேன். சிவப்பும் செங்கல் பக்கம் சாயும். "தம்பி, நாங்க எடுத்தது அரக்குப் பட்டாச்சே, இதுல வேற என்னமோ கலரா இருக்குது?" என்று பெண்ணின் அம்மா கேட்டால், ஃபிலிம் லுக் என்று பதில் சொல்ல முடியுமா?

வெல்வியா 1990-ல் வந்த ஸ்லைடு ஃபிலிம். பச்சையை அள்ளிக் கொட்டும். மழை நின்ற காபித் தோட்டம், சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி என்றால் அபாரம். ஆள் முகத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள், சிவந்துபோகும்.

செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் ட்யூப்லைட், வெயில், ஊதுகுழல் தீ எல்லாம் கலந்து நிறம் குழம்பிக் கிடக்கும். அங்கே கறுப்பு வெள்ளை ஃபிலிமான ட்ரை-எக்ஸின் சாயல்தான் கைகொடுக்கிறது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த 'இந்து' கறுப்பு வெள்ளைக்கு என் தொகுப்பில் ஒன்றும் இல்லை. நம்மூர்ப் பழைய ஸ்டுடியோப் படச் சாயல் வேண்டுமென்றால் நாமே டோன் கர்வை (இருள், வெளிச்ச அளவை மாற்றும் வளைகோடு) இழுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

சினிமா ஃபிலிமை ஸ்டில் கேமராவுக்காக மாற்றிய சினிஸ்டில் 800டி-யின் ப்ரீசெட்டுக்குக் காசு தராதீர்கள். சினிமா ஃபிலிமின் பின்பக்கக் கரும்பூச்சை நீக்கிவிட்டதால்தான் அசலில் விளக்கைச் சுற்றிச் சிவப்பு வளையம் வருகிறது. ஸ்லைடர் அதைச் செய்யாது. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சீரியல் லைட்டில் போட்டுப் பார்த்தேன். படம் நீலமானதுதான் மிச்சம்.

பிரிண்ட் விஷயம் தனி. ஃபேட் செய்த (சாம்பலாக வெளிறவைத்த) கறுப்பு போனில் அழகாகத் தெரியும், ஆல்பத்தில் தூசி படிந்த மாதிரி இருக்கும். ஆல்பத்துக்குப் போகும் படங்களுக்கு வர்ச்சுவல் காப்பி (அசலைத் தொடாமல் லைட்ரூமுக்குள் எடுக்கும் நகல்) எடுத்து, டோன் கர்வின் இடது முனையைக் கீழே இறக்கிய பிறகே லேபுக்கு அனுப்புகிறேன்.