மாற்று இணைய இணைப்பு: உட்லண்ட்ஸ் வீட்டிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

சிங்கப்பூரில் வீட்டு இணையம் அடிக்கடி அறுந்துபோவதில்லை. அதனாலேயே, மாதக் கட்டணம் கட்டி மாற்று இணைப்பு ஒன்றையும் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், "இந்த ஊரில் அது எதற்கு?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கான மென்பொருள் பராமரிப்புக் குழுவில் வேலை செய்யும் எனக்குப் பணி நேரம் பிற்பகலில் தொடங்கி இரவு வரை நீள்கிறது. இரவு ஒன்பது மணிக்கு இணைப்பு போனால் அலுவலகத்துக்கு ஓட முடியாது, சேவை நிறுவனத்தின் தொழில்நுட்பரும் விரைவில் என்றால் மறுநாள்தான் வருவார். என் மனைவியும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்க்கிறார். 2020 ஏப்ரல் 7 அன்று தொடங்கிய கொவிட் கால முடக்கமான நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டக் காலத்தில், கைபேசி ஹாட்ஸ்பாட் என்ற அளவில் தொடங்கிய ஏற்பாடு, படிப்படியாக மாறி, இப்போது வீட்டில் யாரும் தொடாமலேயே இயங்கும் நிலைக்கு வந்திருக்கிறது.

மாற்று இணைப்பு என்றதும் பலருக்குத் தோன்றுவது, வேறொரு நிறுவனத்திடம் இன்னொரு ஃபைபர் (கண்ணாடி இழை) சந்தா எடுப்பது. இங்குள்ள வலையமைப்பு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அது அவ்வளவு நல்ல யோசனையாகத் தோன்றாது. நாடளாவிய கண்ணாடி இழை வலையமைப்பை 2009ஆம் ஆண்டிலிருந்து ஓப்பன்நெட் நிறுவனம் பதித்தது. பின்னர் அது நெட்லிங்க் டிரஸ்ட்டின் கைக்கு வந்தது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, மைரிபப்ளிக், வியூக்வெஸ்ட் என யாரிடம் சந்தா எடுத்தாலும், புளோக்கின் கீழிருந்து மாடி மாடியாக ஏறி நம் வீட்டுக்குள் நுழையும் இழை அந்தப் பொது வலையமைப்பைச் சேர்ந்ததுதான். வீட்டுச் சுவரில் பொருத்தியிருக்கும் சிறிய வெள்ளைப் பெட்டியில் பொதுவாக இரண்டு துளைகள் இருக்கும். இரண்டாவது நிறுவனத்தின் இணைப்பு இரண்டாவது துளைக்கு வந்து சேரும். ஆனால் இரண்டு இழைகளும் ஒரே பாதையில்தான் வருகின்றன. இரண்டு நிறுவனங்களின் பேருந்துகள் ஒரே சாலையில் ஓடுவதைப் போன்றது இது: ஒரு பேருந்து பழுதானால் அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம், சாலையே உள்வாங்கினால் இரண்டும் நின்றுவிடும். தொலைபேசிக் கம்பிவழி ஏடிஎஸ்எல், தொலைக்காட்சிக் கேபிள்வழி இணையம் என்று உண்மையிலேயே தனித்தனிப் பாதைகள் இருந்த காலம் மலையேறிவிட்டது.

2013 அக்டோபர் 9 அன்று புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி இணைப்பகத்தில் தீப்பிடித்தபோது, ஒன்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் வாடிக்கையாளர்கள் சேர்ந்தே பாதிக்கப்பட்டார்கள். அவ்வளவு பெரிய விபத்துக்குப் போகவேண்டியதே இல்லை. பொங்கோலில் இருக்கும் என் நண்பர் ஒருவர், தம் நிறுவனம் செலவை ஏற்றுக்கொண்டதால், இரண்டு ஃபைபர் சந்தாக்கள் வைத்திருந்தார். அவர் மாடியில் நடந்த புதுப்பிப்பு வேலையின்போது கேபிள் சேதமடைந்து, இழையில் வரும் ஒளியை இணையச் சிக்னலாக மாற்றும் இரண்டு ஓஎன்டி பெட்டிகளிலும் 'லாஸ்' என்ற விளக்கு ஒரே நேரத்தில் சிவப்பாக மின்னத் தொடங்கியது.

இந்த விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. பழுது எங்கே என்பதை அறிய இதைவிட எளிய வழி இல்லை. 'லாஸ்' சிவப்பாக மின்னினால் ஒளி வீட்டுக்குள் வந்து சேரவில்லை என்று பொருள். இழையில் எங்கோ முறிவு, அல்லது சோஃபாவை நகர்த்தும்போது மெல்லிய மஞ்சள் கேபிள் மடங்கிவிட்டது. ஒளி இணைப்பைக் காட்டும் 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்திருந்தும் இணையம் வரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கத்தில் அல்லது நம் ரௌட்டரில். என் வீட்டில் நேர்ந்த துண்டிப்புகளில் கூடுதலானவை இந்த இரண்டாம் வகைதான். அவற்றிலும் சில, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையின் கோளாறுகள் மட்டுமே. ரௌட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.1 என்று மாற்றியதுமே சரியாகிவிட்டன. இரண்டாவது ஃபைபர் இந்த வகைக்கு உதவும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கைபேசி வலையமைப்பு இரண்டு வகைக்கும் உதவும்போது, அதைவிட மூன்று நான்கு மடங்கு செலவு செய்து பாதி மருந்தை எதற்கு வாங்குவது என்பதே என் கருத்து.

ஆகவே என் மாற்று இணைப்பு, ஒப்பந்தம் இல்லாத பத்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சிம் அட்டை ஒன்றும், அதைச் செருகிய 4ஜி ரௌட்டர் ஒன்றும்தான். சிம் தேர்வில் பார்க்க வேண்டியது, விளம்பரத்தில் இருக்கும் பெயரை அல்ல, எந்த நிறுவனத்தின் கைபேசிக் கோபுரங்கள் வழியே அது ஓடுகிறது என்பதை. கோமோ சிம் சிங்டெல்லின் வலையமைப்பில் ஓடுகிறது, கிகா சிம் ஸ்டார்ஹப்பின் வலையமைப்பில் ஓடுகிறது. 5ஜி சேவைக்கு ஸ்டார்ஹப்பும் எம்1உம் ஆன்டினா என்ற கூட்டு நிறுவனத்தின் வழியே ஒரே வலையமைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. என் ஃபைபர் ஒரு நிறுவனம், என் கைபேசி எண் இன்னொன்று, ரௌட்டரிலிருக்கும் சிம் மூன்றாவது. மூன்றும் ஒரே நாளில் படுத்துக்கொண்டால் அன்று எனக்கு விடுமுறை என்று மேலாளரிடமே சொல்லி வைத்திருக்கிறேன்.

உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் சமையலறை ஜன்னல் ஜோகூர் பாருவை நோக்கியிருக்கிறது. வீட்டில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடமும் அதுதான். ஆனால் அங்கே வைத்த ரௌட்டர், தன்னிச்சையாக நல்ல அலையைத் தேடும்போது, நீரிணைக்கு அப்பாலிருக்கும் மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். ரோமிங் வசதியை அணைத்துவிட்டு, வலையமைப்புத் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றிய பிறகுதான் அது ஒரே இடத்தில் நிலைத்தது. இதைச் செய்யாவிட்டால் ஒன்று கட்டணம் ஏறும், அல்லது அவசர நேரத்தில் இணைப்பே கிடைக்காது.

ரௌட்டரை எங்கே வைக்கிறோம் என்பது, எவ்வளவு விலைக்கு வாங்கினோம் என்பதைவிட முக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் 1990களின் இறுதியிலிருந்து வரும் வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையின் கான்கிரீட் சுவர், அலைக்குக் கிட்டத்தட்ட மூடிய கதவு. அந்த அறையை ஒட்டி வைத்தபோது என் ரௌட்டர் காட்டிய சிக்னல் மைனஸ் 110 டிபிஎம் (அலை வலுவின் அலகு) அளவில் இருந்தது. ஜன்னலோரத்தில் அதுவே மைனஸ் 85 அளவுக்கு வந்தது. மைனஸ் குறிக்குப் பின்னுள்ள எண் சிறியதாகும்போது சிக்னல் வலுக்கிறது என்பதை நினைவில் கொள்ளவேண்டும். பெட்டியின் மீதிருக்கும் கோடுகளை நம்புவதைவிட, அமைப்புப் பக்கத்தில் இந்த எண்ணைப் பார்த்து ரௌட்டரை நகர்த்துவது பயன் தரும். சிம் வழியே வைஃபை தரும், பேட்டரி உள்ள கையடக்க மைஃபை கருவிகளை நிரந்தர மாற்று இணைப்பாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்: எந்நேரமும் சார்ஜில் இருந்து, இந்த ஊர் வெப்பத்தில் ஜன்னலோர வெயிலும் சேர்ந்தால், பேட்டரி உப்பி மூடியைத் தள்ளிவிடும்.

இரண்டு இணைப்புகள் இருப்பது ஒன்று, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது வேறொன்று. எனக்குப் பணத்தின் மதிப்பு முழுதும் அந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியிருந்த காலத்தில், துண்டிப்பைக் கவனித்து, கைபேசியை எடுத்து, மடிக்கணினியை மாற்றி இணைத்து, கூட்டத்தில் மீண்டும் நுழைவதற்குள், நான் சொல்ல வேண்டியதை வேறொருவர் சொல்லி முடித்திருப்பார். இப்போது முதன்மை ரௌட்டர் 'டூயல் வான்' வகையைச் சேர்ந்தது: ஒரு நுழைவில் ஃபைபர், இன்னொன்றில் 4ஜி ரௌட்டரிலிருந்து வரும் கம்பி. இந்த வசதி கொண்ட ரௌட்டர்கள் சிம் லிம் ஸ்குவேரில் நியாயமான விலைக்கே கிடைக்கின்றன. ஆனால் வாங்கியபடியே விட்டுவைத்தால் அவை ஏமாற்றக்கூடும். பல ரௌட்டர்கள், கம்பியில் உயிர் இருக்கிறதா என்பதை மட்டுமே பார்க்கும். ஓஎன்டி பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை கம்பியில் உயிர் இருக்கும். அதற்கு அப்பால் நிறுவனத்தின் வலையமைப்பு படுத்துக் கிடந்தாலும் ரௌட்டர் "எல்லாம் நலம்" என்றே சொல்லும். வெளியுலக முகவரி ஒன்றுக்குச் சில விநாடிகளுக்கு ஒருமுறை பிங் என்ற சோதனைச் செய்தி அனுப்பி, தொடர்ந்து மூன்று முறை பதில் வராவிட்டால் மாறு என்று அமைத்த பிறகே, மாற்று இணைப்பு என்ற சொல்லுக்கு என் வீட்டில் பொருள் வந்தது.

திரும்பி வருவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபைபர் உயிர்பெற்ற உடனே ரௌட்டர் அதற்குத் தாவும். ஃபைபர் மீண்டும் தள்ளாடும். ரௌட்டர் மறுபடியும் சிம்முக்குத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் வெளி ஐபி முகவரி மாறுவதால், அலுவலக வலையமைப்போடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் அறுந்து, அலுவலகத்தின் இரட்டைச் சரிபார்ப்பு மறுபடியும் குறியீட்டைக் கேட்கும். ஃபைபர் பத்து நிமிடம் தொடர்ந்து நிலைத்த பிறகே திரும்ப வேண்டும் என்று அமைத்ததும் இந்தத் தொல்லை போயிற்று. இரண்டு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் முறையைச் சிலர் விரும்புகிறார்கள். வங்கித் தளங்கள் நடுவிலேயே வெளியேற்றிவிடுவதால் எனக்கு அது ஒத்துவரவில்லை.

சிம் வழியே மாறிய பின் விபிஎன் இணைந்தும் சில உள்தளங்கள் பாதியில் நின்றுவிட்டால், ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவான எம்டியுவை ரௌட்டரில் 1400 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். காணொளிக் கூட்டங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஓடுகின்றன. குரல் சில விநாடிகள் அறுந்து மீண்டும் ஒட்டிக்கொள்ளும், கூட்டத்தை விட்டு வெளியேற வேண்டியதில்லை.

தரவு அளவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, வீட்டார் அனைவரும் அதே சிம்மில் ஏறாதவரை. காணொளிக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஜிபிதான் விழுங்கும். இணையவழி ஓடும் உயர்தரத் தொலைக்காட்சியோ அதைப் போலப் பல மடங்கு. ஆகவே சிம்முக்கு மாறும்போது இரண்டு வேலைக் கணினிகளுக்கு மட்டுமே வழிவிடுமாறு ரௌட்டரில் விதி எழுதியிருக்கிறேன். இதன் விளைவாக, வீட்டில் ஃபைபர் போனதை முதலில் கண்டுபிடிப்பவர் என் மாமியார்தான். "மாப்பிள்ளை, நாடகம் சுத்திக்கிட்டே இருக்கே" என்று கூடத்திலிருந்து குரல் வந்தால், நான் ஏற்கெனவே சிம்மில் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று அறிந்துகொள்வேன். கணினியில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (தரவு அளவுக்கு உட்பட்டது) என்று குறித்து வைப்பதும் நல்லது. இல்லையென்றால் விண்டோஸ் புதுப்பிப்பு அந்த நேரம் பார்த்துத்தான் இறங்கும்.

மின்சாரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் தீவின் பல பகுதிகளில் ஏறத்தாழ 1,46,000 மின் இணைப்புகள் இருளில் மூழ்கியதைப் போன்ற நிகழ்வுகள் இங்கே அரிது. பழைய மின்கெண்டி ஒன்றால் வீட்டுச் சுவிட்ச் 'டிரிப்' ஆவதோ அரிதல்ல. உடனே நிமிர்த்தினாலும், ஓஎன்டியும் ரௌட்டரும் எழுந்து நிற்கச் சில நிமிடங்கள் ஆகும். 12 வோல்ட் சிறு யுபிஎஸ் ஒன்று இதைத் தீர்த்துவிட்டது.

இந்த ஏற்பாடு கைகொடுக்காத நேரங்களும் உண்டு. வட்டாரம் முழுவதும் ஃபைபர் போனால், அக்கம்பக்கத்தார் அனைவரும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவுவதால் கோபுரங்கள் திணறுகின்றன. அப்போது படத்தை அணைத்துவிட்டுக் குரலோடு மட்டும் கூட்டத்தில் இருக்கவேண்டியதுதான். 2023 அக்டோபர் 14 அன்று தரவு மையம் ஒன்றில் குளிரூட்டல் கோளாறு ஏற்பட்டு இரண்டு பெரிய வங்கிகளின் சேவைகள் முடங்கியதைப் போல, மறுமுனையே படுத்துவிட்டால் நம் வீட்டில் எத்தனை இணைப்புகள் இருந்தும் பயனில்லை. நூலகத்தின் வயர்லெஸ்@எஸ்ஜி என்ற பொது வைஃபை இணைப்பை மூன்றாவது வழியாகச் சிலர் சொல்கிறார்கள். மின்னஞ்சல் பார்க்க அது போதும். வாடிக்கையாளரின் பெயரைச் சொல்லிப் பேச வேண்டிய வேலைக்கு நூலக மேசை இடமல்ல.

மாதத்தில் பெரும்பாலும் மின்னஞ்சலும் ஆவணங்களுமாக வேலை பார்ப்பவருக்கு இவ்வளவும் தேவையில்லை, கைபேசி ஹாட்ஸ்பாட்டே போதும். நேரலைப் பணி, இரவு நேரப் பணி, ஒரே வீட்டில் இருவர் பணி என்றால் கணக்கு மாறுகிறது. வலையமைப்பை 10 கிகாபிட் வேகத்துக்கு உயர்த்த 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கப்படும் என்று 2024இல் அரசாங்கம் அறிவித்ததிலிருந்து, ஒப்பந்தம் முடியும் தறுவாயில் வரும் விற்பனை அழைப்புகள் எல்லாம் வேகத்தைப் பற்றியே பேசுகின்றன. அந்த வேகமும் அதே இழையில், அதே பாதையில்தான் வரும் என்பதால், நான் 1 கிகாபிட் திட்டத்தையே புதுப்பித்துக்கொண்டேன். உயர்வேகத் திட்டத்துக்குக் கூடுதலாகக் கேட்ட தொகையிலேயே சிம்மின் மாதக் கட்டணம் அடங்கிவிடுகிறது.