கிட்னி நோயாளிக்கு மாரடைப்பு: எங்கள் ஐந்து நாள் அனுபவம்

அப்பாவுக்கு 68 வயது. இருபது வருட சுகர், கிட்னி எவ்வளவு பழுது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் 3.4. அன்று ராத்திரி நெஞ்சுவலி என்று அவர் சொல்லவே இல்லை. படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சு வாங்கினார், பனியன் வியர்வையில் நனைந்திருந்தது. உடம்பில் நீர் ஏறிவிட்டது என்றே நினைத்தோம். கிட்னி நோயாளிக்கு மாரடைப்பு பல நேரம் இப்படித்தான், வலியில்லாமல் வரும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஈசிஜியைப் பார்த்ததும் தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளைக் கொடுத்து 108-இல் ஏற்றினார்கள். முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில், "ஆஞ்சியோ பண்ணினால் கிட்னி போய்விடும், மருந்திலேயே பார்க்கலாம்" என்றார்கள். மனசு கேட்கவில்லை, மதுரையில் இருக்கும் இந்த மருத்துவமனைக்கு வந்துவிட்டோம்.

இங்கே எனக்குப் பிடித்தது, இதய டாக்டரும் கிட்னி டாக்டரும் ஒரே கட்டில் பக்கத்தில் நின்று பேசியதுதான். மாரடைப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனைதான் ட்ரோபோனின், ஆனால் கிட்னி பழுதானவர்களுக்கு அது எப்போதுமே கொஞ்சம் கூடுதலாக இருக்குமாம். அதனால் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள், ஏறியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் போடும் ஊசி கிட்னி வழியாகத்தான் வெளியேறும், அவருக்குத் தேங்கிவிடும் என்று ஹெப்பாரினை டிரிப்பில் ஏற்றினார்கள். ஆஞ்சியோவைக் கை வழியாகச் செய்யாமல் தொடை வழியாகச் செய்தார்கள். நாளைக்கு டயாலிசிஸ் என்று வந்தால் ஃபிஸ்டுலா போட, அதாவது ஊசி குத்தும் வழிக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்க, கை ரத்தக்குழாய் வேண்டுமே! கிட்னி டாக்டர் அப்பாவின் இடது முன்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு பிளாஸ்திரியில் 'ஊசி கூடாது' என்று பேனாவால் எழுதி அவரே ஒட்டினார். அந்தப் பிளாஸ்திரி டிஸ்சார்ஜ் வரை அப்படியே இருந்தது.

அடைப்பில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஞ்சியோவில் ரத்தக்குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் சாயம்தான் கிட்னியைப் பாதிக்கும், அது 60 மில்லிதான் செலவானது. கிரியேட்டினின் மூன்றாம் நாள் 3.9 வரை போய், இரண்டு வாரத்தில் 3.5-க்கு இறங்கியது. டயாலிசிஸ் தேவைப்படவில்லை.

குறை சொல்லியே ஆக வேண்டியது சாப்பாடு. மறுநாள் காலை வார்டில் எல்லோருக்கும் போல அப்பாவுக்கும் இளநீர் வைத்துவிட்டார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம், பழுதான கிட்னியால் அதை வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நான் பார்த்து எடுத்ததால் சரி. துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு? தட்டு கொண்டுவருபவரிடமும் கிட்னி நோயாளி யார் என்ற பட்டியல் இருக்க வேண்டும். நர்ஸ் சிஸ்டரிடம் சொன்னேன், அன்று மதியமே கட்டிலில் சிவப்பு அட்டை தொங்கியது.